இடது காலால் மூன்று தரம்

ஹெலன் காலை நீட்டிக்கொண்டு பிறந்தவள். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் தலையை முதலில் காட்டி வந்தன. இவள் மட்டும் காலைக் காட்டினாள். கோலார் தங்கவயல் சுரங்க ஆஸ்பத்திரியில் அன்றைக்கு டியூட்டியில் இருந்த நர்ஸம்மா, "ரெண்டு உசுரும் பொழைச்சதே பெரிசு" என்று சொல்லிக் குழந்தையைக் கையில் கொடுத்தாளாம். அதோடு விட்டிருந்தால் தேவலை. காலால் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று நம் ஜனங்களுக்கு யாரோ எந்தக் காலத்திலோ சொல்லி வைத்துவிட்டார்கள். அவளுக்கு நிற்கத் தெரிந்த நாளிலிருந்து ஷிப்டு முடிந்து வந்த சுரங்க ஆட்கள் அவள் வீட்டு வாசலில் குப்புறப் படுத்தார்கள், அப்பா அவளைத் தூக்கி அவர்கள் முதுகில் நிறுத்தினார்.

இப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. சுரங்கம் மூடிவிட்டது. அப்பா போய்விட்டார். கல்யாணமாகி பெங்களூருக்கு வந்து, மர்பி டவுனில் இரண்டு அறை வீட்டில் குடித்தனம் நடத்தி, கணவர் கிறிஸ்டோபரும் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்தக் கால் விவகாரம் ஒன்றுதான் அவளை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அதற்கென்று சட்டதிட்டங்கள் வேறு. காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து வர வேண்டும். இடது காலால் மூன்று தரம் மிதிக்க வேண்டும். மிதி வாங்கினவர் நன்றி சொல்லக் கூடாது, வெளியே யாரிடமும் வாயைத் திறக்கவும் கூடாது. திறந்தால் போன பிடிப்பு அப்படியே திரும்பி வந்துவிடும். இதையெல்லாம் யார் எழுதி வைத்தார்களோ, ஹெலனுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு பவுலினுக்கு மட்டும் எல்லாம் தெரியும். வருகிறவர்களைத் தன் வாசலில் நிறுத்தி, டீ குடித்தாயா என்று விசாரித்து, ஒவ்வொருவராக உள்ளே அனுப்புகிற வேலையை அவளாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஹெலன் கண்ணு, ஏந்திரிச்சிட்டியா? ரெண்டு பேரு வந்துக்கிறாங்க பாரு."

ஆறரை மணிக்கு இந்தக் குரல் வரும். ஹெலன் வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்து நிற்பாள். தரையில் ஒரு முதுகு படுத்திருக்கும். இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்குவாள். தூக்கும்போது இவள் இடுப்பில் சுருக்கென்று ஒன்று இழுக்கும். பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டு மூன்று தரம் வைத்து எடுத்துவிட்டு வாய் கொப்பளிக்கப் போய்விடுவாள். படுத்திருந்த ஆளின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. மனசு அதில் ஒட்டியதும் இல்லை, யாராவது தண்ணீர் கேட்டால் ஒரு செம்பு மொண்டு கொடுக்கிற மாதிரிதான்.

இத்தனை பேர் இடுப்பை மிதித்தவளுக்குத் தன் இடுப்பை மிதிக்க ஆள் இல்லை. பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாகப் பத்தொன்பது வருஷம் ஆண்கள் வார்டில் வேலை பார்த்தவள். தொடை எலும்பு முறிந்த தொண்ணூறு கிலோ ஆட்களை விரிப்போடு சேர்த்துத் தூக்கி, புரட்டிப்போட்டு, முதுகு துடைத்து, மறுபடி புரட்டிப்போட்டு, கடைசியில் அவள் இடுப்பு விட்டுப்போனது. மூட்டு டாக்டர் ரகுராம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆராய்ச்சி தொடங்கியபோது, "சிஸ்டர், உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒண்ணு இருக்கு, வர்றீங்களா?" என்று கேட்டார். உட்கார்ந்து என்ற வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று கொடுத்தார்கள். அதன் முதுகில் அவள் ஒரு குட்டித் தலையணையைக் கட்டிக்கொண்டாள்.

ஆராய்ச்சி இதுதான். திடீரென்று இடுப்புப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் அறுபது பேருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். பாதிப் பேருக்கு இரண்டு வலி மருந்து சேர்ந்த மாத்திரை. மீதிப் பேருக்கு அதே இரண்டோடு தசையைத் தளர்த்துகிற மருந்தும் சேர்ந்தது. எது யாருக்குப் போகிறது என்று ஹெலனுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. டப்பாவின் மேல் வெறும் நம்பர். வலி வந்து ஆறு வாரத்துக்குள் இருந்தால்தான் சேர்ப்பார்கள். பழைய வலிக்காரர்கள் ஆகாது. அந்த விதியை முதல் நாள் படித்தபோது ஹெலன் தன் இடுப்பைத் தடவிக்கொண்டு, சரிதான், இதற்கும் நாம் லாயக்கில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று மூன்று தடவை வரச் சொல்லி, முட்டியை மடக்காமல் குனியச் சொல்லி, விரல் நுனிக்கும் தரைக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று டெய்லர் டேப்பால் அளப்பாள். பிறகு, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பாள். இதில் வருகிற பேஜார் கொஞ்சமில்லை. வலி சுத்தமாகப் போன ஆள், "பத்துக்குப் பத்து போடு சிஸ்டர், மாத்திரை சூப்பர்" என்பான். ஐயா, இது பள்ளிக்கூட மார்க் இல்லை, வலி இருந்தால்தான் நம்பர் ஏறும் என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். இன்னும் சிலர் இவள் மனசு கோணாமல் இருக்க, உயிர் போகிற வலியை வைத்துக்கொண்டு மூன்று என்பார்கள். அவர்களிடம் ஹெலன் கோபித்தே விடுவாள்.

"எனக்காகக் கொறைக்காதீங்க. உங்க ஒடம்புல இருக்கிற நம்பரைச் சொல்லுங்க. பொய் நம்பருக்கு இங்க வேலை இல்ல."

கடைசிக் கேள்வி, வேறு வைத்தியம் எதுவும் உண்டா என்பது. தைலம், மசாஜ், நாட்டு மருந்து, பிசியோ? இல்லை சிஸ்டர், இல்லை சிஸ்டர் என்று எல்லாரும் சொல்வார்கள். இவளும் இல்லை என்று எழுதிக்கொள்வாள்.

ஐம்பத்தெட்டாவது ஆளாக வந்தான் மதலைமுத்து. காஸ் சிலிண்டர் போடுகிறவன். லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் மூன்றாம் மாடிக்குச் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனவன் கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டான். இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். முதல் நாள் வலி எட்டு என்றான். விரலுக்கும் தரைக்கும் முப்பத்து நாலு சென்டிமீட்டர்.

ஏழாம் நாள் அவன் வந்தபோது டாக்டர் ரகுராமும் அறையில் இருந்தார். இன்னும் இரண்டே ஆள், அப்புறம் முடிந்தது என்ற சந்தோஷத்தில் ஒரு காப்பி கோப்பையோடு வந்து உட்கார்ந்திருந்தார். மதலைமுத்து குனிந்தான். முப்பத்து மூன்று. வலி எத்தனை என்றாள்.

"அதே எட்டுதான் சிஸ்டர். மாத்திரை போட்டா நல்லாத் தூக்கம் வருது. வலியும் கூடவே தூங்கி, கூடவே ஏந்திரிச்சிக்குது."

"வேற வைத்தியம் எதுனா பண்ணீங்களா? தைலம், மசாஜ், நாட்டு மருந்து?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. உங்க கால்தான்."

ஹெலனின் பேனா நின்றது. டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன கால்?"

"சிஸ்டர் கால்தான் டாக்டர். இவங்க வீட்டாண்ட போயி மூணு நாளு மிதி வாங்கினேன். வெளிய சொன்னா வலி திரும்பி வந்துடும்னு அந்த பவுலின் அக்கா சொல்லிச்சு. எனக்குப் போனாத்தானே திரும்புறதுக்கு? அதான் சொல்லிட்டேன்."

டாக்டர் சிரித்தார். பிறகு ஹெலனைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"சிஸ்டர், ஜோக் பண்றாரா?"

"இல்ல டாக்டர்."

அவள் காதெல்லாம் சூடாகிவிட்டது. போன வாரம் தரையில் படுத்திருந்த ஒரு முதுகு ஞாபகம் வந்தது. தோளில் சிலிண்டர் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன தழும்பு. வீட்டில் அது முதுகாக வந்தது, இங்கே நம்பராக வந்தது. இரண்டும் ஒரே ஆள் என்று இந்த மரமண்டைக்கு ஏழு நாளாக உறைக்கவில்லை. தினம் தினம் வேறு வைத்தியம் உண்டா, உண்டா என்று ஊரைக் கேட்டவள், அந்த வைத்தியமே தான்தான் என்று அறியாமல் இருந்திருக்கிறாள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

மதலைமுத்துவுக்கு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டு டாக்டர் கதவைச் சாத்தினார். கோபப்படவில்லை. களைத்துப்போன குரலில்தான் பேசினார்.

"ஒருத்தர்தானே? ஐம்பத்தெட்டை எடுத்துட்டு இன்னொருத்தரைப் போட்டுக்கலாம். இதைப் பெரிசு பண்ண வேணாம் சிஸ்டர். ஜூன்ல முழங்கால் ஸ்டடி வருது, ரெண்டு வருஷம். உங்களைத்தான் கேட்டிருக்கேன். இந்த நேரத்துல பேர் கெட்டா நல்லா இருக்காது."

"சரி டாக்டர்" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு நடந்துபோகிற வழியெல்லாம் அந்தச் சரி முள்ளாகக் குத்தியது. ஒருத்தன்தானா? உடை மாற்றாமலே நேராக பவுலின் வீட்டுக்குப் போனாள். பவுலின் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிடுறவங்கன்னு தெரிஞ்சும் எங்கிட்ட அனுப்பிச்சியா?"

"ஆமா, இன்னா இப்போ?"

"ஏன்க்கா அனுப்பிச்ச?"

"நல்லாக்கீதே! அங்க மாத்திரை குடுக்கிறதும் நீ, இங்க கால் வெக்கிறதும் நீ. ரெண்டும் ஒரே வைத்தியம்னுதான் ஜனங்க வர்றாங்க. சிஸ்டரே மிதிக்கிறாங்கன்னு நம்பி அவ்ளோ தூரத்துலேந்து வர்றாங்க. நான் வேணாம்னு தொரத்தவா?"

"எத்தினி பேரு?"

பவுலின் அவரைக்காயைக் கீழே போட்டுவிட்டு பேரைச் சொல்லிச் சொல்லி விரலை மடக்கினாள். ஒரு கை முடிந்து, இரண்டாவது கையும் முடிந்து, மறுபடி முதல் கைக்கு வந்தாள். ஹெலன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். உட்காரும்போது இடுப்பு வெட்டியது.

வீட்டுக்கு வந்து அடுப்பில் உலை வைத்துவிட்டு யோசித்தாள். அவளுக்கு முகங்கள் ஞாபகம் இல்லை; முதுகுகள் ஞாபகம் இருந்தன. ஜெபமாலை போட்ட முதுகு. அம்மா என்று பச்சை குத்தின முதுகு. நைட்டியின் மேல் துண்டு போர்த்திக்கொண்டு வந்த கனத்த முதுகு. அது காய்கறிக்கடை மலர், இருபத்திரண்டாம் நம்பர். ஹெப்பகோடி ஃபேக்டரியிலிருந்து பஸ் ஏறி வந்த ஒல்லி முதுகு, அது முப்பத்தேழு. ஒவ்வொன்றாக நம்பரைச் சேர்த்துப் பார்த்தபோது பதினாலு வந்தது. சோறு குழைந்துபோனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

இனி அவள் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம். அதுதான் அழகு. மதலைமுத்து போக மீதிப் பதின்மூன்று பேருக்கும் வலி குறைந்திருந்தது. குறைந்தவன் எவனும் வாயைத் திறக்க மாட்டான், திறந்தால் திரும்பி வந்துவிடுமே. பவுலினை நாளைக்கு அதட்டி வைத்தால் போதும். ஜூனில் முழங்கால் ஆராய்ச்சி, இரண்டு வருஷம் நாற்காலி. வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். மறுபடி ஆண்கள் வார்டு. மறுபடி விரிப்பின் நுனியைப் பிடித்து, ஒண்ணு, ரெண்டு, தூக்கு. கடவுளே, எனக்கு முடியாது, நிஜமாகவே முடியாது என்று சுவரைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள்.

ஆனால் பொய் நம்பருக்கு இங்கே வேலை இல்லை என்று இத்தனை பேரிடம் அதட்டிச் சொன்ன வாய் அது. வலி எட்டாக இருந்ததை எட்டு என்று சொன்னவன் ஒரு சிலிண்டர்காரன். அவனுக்கு இருந்த தைரியம்கூடத் தனக்கு இல்லையா என்று நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பவுலின் கூப்பிட்ட குரலுக்கு ஹெலன் கதவைத் திறக்கவில்லை. "ஒரு கால் வெக்கிறதுக்கு இவ்ளோ பிகு பண்றியே!" என்ற சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. எட்டு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், பதினாலு படிவங்களையும் எடுத்து, முதலில் எழுதிய இல்லை என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் எழுதினாள்: இடது காலால் மூன்று தரம், மூன்று நாள். செய்தவர்: ஹெலன். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள். டாக்டர் வந்ததும் அவர் மேஜையில் வைத்துவிட்டு நின்றாள்.

அவர் நாலைந்து தாளைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏன் சிஸ்டர், ஒரு நாள்கூடவா சொல்லணும்னு தோணலை?"

"வைத்தியம்னு தோணலை டாக்டர். பொறந்ததுலேந்து பண்ணிட்டு வர்றேன். பல்லு தேய்க்கிற மாதிரி அதுவும் ஒண்ணு."

"பதினாலு பேரைப் புதுசா எடுக்கணும். ஆராய்ச்சிக் கமிட்டிக்கு எழுதணும். உங்களை இதுல வெச்சுக்க முடியாது, புரியுதா? ஜூனும் முடியாது."

"புரியுது."

போகத் திரும்பியவள் நின்றாள்.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு. அந்தப் பதினாலு பேருக்கு மத்தவங்களைவிடச் சீக்கிரம் கொறைஞ்சுதா?"

அவர் என்ன நினைத்தாரோ, கம்ப்யூட்டரைத் திறந்து நம்பர்களைத் தட்டிப் பார்த்தார். ஹெலன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தைந்து வருஷமாக மிதித்திருக்கிறாள். இந்தக் காலில் ஏதாவது இருக்கிறதா, இல்லையா என்று இதுவரை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

"மத்தவங்களுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் சிஸ்டர். இந்த மாதிரி திடீர்ப் பிடிப்பு பலபேருக்கு ஒரு வாரம், ரெண்டு வாரத்துல தானாவே வழிக்கு வந்துடும். மிதிச்சாலும் சரி, மிதிக்காட்டியும் சரி."

"அப்ப மாத்திரை?"

டாக்டர் அந்தப் பதினாலு தாள்களையும் அடுக்கித் தட்டி நேராக்கினார். அதைத் தெரிந்துகொள்ளத்தானே இத்தனை பாடு என்று அவர் முகமே சொன்னது. ஹெலனுக்கு அவர்மேல் பாவமாகக்கூட இருந்தது. வெளியே வந்து பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். நாற்காலி போனதற்கு அழுதாளா, கால் வெறும் கால் என்று தெரிந்ததற்கு அழுதாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆண்கள் வார்டில் மூன்று வாரம் ஓட்டினாள். நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை, இடுப்பெலும்பு முறிந்த வெங்கடசாமி என்ற பெரியவரை எக்ஸ்ரே மேஜைக்கு மாற்ற வேண்டியிருந்தது. விரிப்பின் நாலு நுனியை நாலு பேர் பிடித்தார்கள். ஒண்ணு, ரெண்டு, தூக்கு. பெரியவர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார். ஹெலன் மட்டும் குனிந்த இடத்தில் குனிந்தபடியே நின்றுவிட்டாள். நிமிரவும் முடியவில்லை, மூச்சு விடவும் முடியவில்லை. சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, மூட்டு டாக்டர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அங்கே அவளுடைய பழைய நாற்காலியில் இளவேனில் உட்கார்ந்திருந்தாள். தர்மபுரியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பெண், இருபத்து நாலு வயது. குட்டித் தலையணை கட்டின இடத்திலேயே இருந்தது. இடுப்புப் பிடித்து வந்த ஆள் என்றதும், இன்னும் ஆறு பேர் வேண்டியிருந்த அவசரத்தில், பெண் புதுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"எப்ப பிடிச்சுது சிஸ்டர்?"

"இப்பத்தான். பத்து மணிக்கு."

தன் வலிக்குப் பல வருஷம் வயது என்றும், இந்தப் படிவத்துக்கு அது ஆகாது என்றும் ஹெலனுக்குத் தெரியாதா என்ன. எல்லாம் கேட்டு முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் இதையெல்லாம் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கேட்கட்டும் என்று இருந்தது.

"பத்துக்கு எத்தனை? எனக்காகக் கொறைக்காதீங்க சிஸ்டர்."

"ஒம்பது."

"வேற வைத்தியம் எதுவும் உண்டா? தைலம், மசாஜ், நாட்டு மருந்து?"

"இல்ல."

இளவேனில் அடுத்த வரியைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். பழைய படிவத்தில் இல்லாத வரி அது, புதிதாக அச்சடித்துச் சேர்த்திருந்தார்கள். யாரால் வந்த வரி என்று அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தலையைத் தூக்காமல் மெல்லத்தான் கேட்டாள்.

"யாராவது காலால மிதிச்சுவிட்டாங்களா சிஸ்டர்?"

ஹெலன் தன் இடது காலைப் பார்த்தாள். வார்டு செருப்புக்குள் அது வீங்கிக் கிடந்தது.

"எனக்கு மிதிச்சுவிட யாரு இருக்காங்கம்மா?" என்றாள்.

இளவேனில் இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.